உப்புப் பார்த்த நோன்பு

நம் வயதுக்கு வந்தவர்களிடம் டாக்டர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: உப்பைக் குறையுங்கள். போன மாதம் என்னிடமும் பாடினார்கள். ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம், கருவாட்டைக் கனவில்கூடப் பார்க்க வேண்டாம் என்றார் அந்த டாக்டர்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். உப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில், எங்கள் வீட்டில் என் வேலையே உப்புப் பார்ப்பதுதான்.

உங்களில் நோன்பு பிடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நோன்பு மாதத்தில் பெரியவர்கள் விடிவதற்கு முன்பிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள். ஆனால் சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சியாக வேண்டும். காய்ச்சுகிறவள் அதை வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். அதனால் நோன்பு பிடிக்காத பிள்ளை ஒன்றை அடுப்படிக்குக் கூப்பிடுவார்கள். கரண்டியிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விழும். நக்கிப் பார்த்து, "ஒரு கல்லு போடலாம்" என்றோ "போதும்" என்றோ சொல்ல வேண்டும். பெரிய மனுஷிகள் எல்லாரும் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது.

எனக்கோ பதவி பிடிக்கவில்லை. நோன்புதான் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் மார்கழியில் நான் டைபாய்டில் விழுந்து எழுந்திருந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போய், கழுத்து எலும்பு தெரிய அலைந்துகொண்டிருந்தேன். "நோன்புன்னு வாயைத் தொறந்தே, காலை ஒடிச்சுடுவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரியத்தா, அதாவது என் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அண்ணன், அடுத்த வீட்டில் இருந்தார். அவர் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் முதல் நோன்பிலிருந்தே பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பித் துப்பி எனக்குக் காட்டுவாள். என்னைப் பார்த்தால் "நோன்புக் கள்ளி, நோன்புக் கள்ளி" என்பாள். சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு போகிற எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கும் சீர்காழிக்கும் நடுவில், ஆறு முடிந்து கழி தொடங்குகிற இடத்தில் இருந்தது. காவிரி எங்கெங்கோ பிரிந்து, எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, போனால் போகிறதென்று மிச்சத்தை எங்களுக்கு அனுப்பும். மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் மாமி, "எங்க ஊர்ல தண்ணி வந்துடுச்சு" என்று கடிதம் எழுதி, அந்தக் கடிதம் வந்து, அம்மா அதற்குப் பதிலும் போட்ட பிறகுதான் எங்கள் ஆற்று மணல் நனையும். கிழக்கிலிருந்து வருகிறவர் அப்படியல்ல. கடல் நாளைக்கு இரண்டு தடவை தவறாமல் கழிக்குள் ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏறுவதை ஏத்தம் என்போம், இறங்குவதை வத்தம் என்போம். ஏத்தத்தின்போது கழியில் நண்டு வளையெல்லாம் மூழ்கிவிடும். வத்தத்தின்போது கறுப்புச் சேறு வெளியே தெரியும், அழுகின முட்டை வாடை வரும்.

இந்த இரண்டு தண்ணீரையும் பிரித்து வைத்திருந்தது ஆற்றுக்குக் குறுக்கே நின்ற சட்ரஸ். பாலமும் இரும்புக் கதவுகளுமாக, பழையது. கதவுக்குக் கிழக்கே உப்பு, மேற்கே நல்ல தண்ணீர். மேற்கே முதல் மதகு எங்கள் மதகு, முதல் வயல் எங்கள் வயல். சட்ரஸைத் திறந்து மூட அரசாங்கம் வைத்திருந்த ஆளை லஸ்கர் என்று கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், காக்கி டவுசருக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார். மூன்றாவது கதவின் அடிப்பாகத்தைத் துரு தின்றிருந்தது. ஏத்தம் வரும்போது அந்த ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் இந்தப் பக்கம் கசியும். லஸ்கர் மேலிடத்துக்கு எழுதி எழுதி அலுத்துப்போய், சாக்கையும் வைக்கோலையும் களிமண்ணில் பிசைந்து தானே அடைத்து வைப்பார். ஆற்றில் தண்ணீர் நிறைய வரும்போது கசிவு தெரியாது. தண்ணீர் குறைந்துவிட்டால், மதகைத் திறப்பதற்கு முன் வாயில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

"என் நாக்கு செத்த நாக்கு" என்பார் லஸ்கர். வெற்றிலையும் புகையிலையும் சுண்ணாம்பும் அதை வேகவைத்துவிட்டிருந்தன. அதனால் பார்ப்பது எப்போதும் அம்மாதான். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மதகுப் படியில் குந்தி, ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, துப்பிவிட்டுச் சொல்வாள். "வேணாண்ணே, லேசா கரிக்குது." அவள் சொன்னால் லஸ்கர் சாவியைத் தொட மாட்டார்.

அத்தா அப்போது சவுதியில் இருந்தார். போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வயல் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், அம்மாவே பார்த்தாள். ஆனால் காகிதத்தில் அது பெரியத்தா கையில் இருந்தது, ஏனென்றால் போகும்போது அத்தா அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வருஷம்தான் கழியோரமாக இறால் பண்ணைகள் வரத் தொடங்கின. கார் போட்டு ஆட்கள் வந்தார்கள். கழியை ஒட்டின நிலமாகப் பார்த்து வாங்கி, வெட்டி, குளமாக்கி, கழித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து நிரப்பினார்கள். அந்த மோட்டார்ச் சத்தம் எங்கள் வகுப்பறை வரைக்கும் கேட்கும். இறாலெல்லாம் வெளிநாட்டுக்குப் போகுமாம். எங்கள் தெருவில் ஆம்பிளைகள் போயிருந்தார்கள், அடுத்து இறால் போகப்போகிறது என்று நாங்கள் சிரித்தோம்.

பண்ணைக்காரர்களுக்கு எங்கள் வயல் வேண்டும். பெரியத்தாவுக்குக் கொடுத்துவிட ஆசை. அவர் கெட்ட மனிதர் இல்லை. விவசாயம் இனி ஆகாது என்று உண்மையிலேயே நம்பினார். அம்மா வாசல் நிலைக்கு உள்ளே நின்றுகொண்டு, அவர் வெளியே நின்றுகொண்டு பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"மச்சான், இந்த ஒரு தாளடி வெளச்சலப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நான் வெளைய வச்சுக் காட்டுறேன்."

"ஐப்பசி வெள்ளத்துல ஒரு தடவை அழுகிப் போச்சு. மறுநடவு நட்டிருக்கே. மேட்டூரையும் மூடிட்டாங்க. எங்கேருந்தும்மா வெளையும்?"

"இன்னும் ஒரே ஒரு தண்ணி. பால் புடிக்கிற நேரத்துல ஒரு தண்ணி கெடைச்சாப் போதும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி. களத்துல நெல்லைக் கொட்டிட்டா அப்புறம் நான் வாயைத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா நீ தொறக்கக் கூடாது."

அதுதான் பேச்சு. அந்த ஒரு தண்ணீரில் எங்கள் வயல் மாட்டிக்கொண்டு நின்றது. அம்மா தினமும் ஒரு கதிரைக் கிள்ளி வந்து நசுக்கிப் பார்ப்பாள். வெள்ளையாகப் பால் வந்தால் முகம் மலரும், வெடித்த தரை ஞாபகம் வந்ததும் சுருங்கும்.

பதின்மூன்றாம் நோன்பு அன்று லஸ்கர் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடித்தார். "தங்கச்சி, மேல சட்ரஸ்ல நிக்கிற மிச்சத் தண்ணிய விடுறாங்களாம். நாளைக்குப் பகல்ல நம்ம பக்கம் வந்துடும். அதோட இந்த வருஷத்துக்கு ஆறு அவ்வளவுதான்."

அம்மா அங்கேயே கையேந்தித் துஆ கேட்டாள்.

அதே இரவுதான் நான் முடிவு செய்தேன். விடிவதற்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு அம்மா எழுந்து பாத்திரத்தை உருட்டும்போது தூங்குகிற மாதிரி கிடந்தேன். அவள் கொல்லைக்குப் போன நேரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஓதுகிற பள்ளியில் சொல்லிக்கொடுத்த நிய்யத்தை, நோன்பு பிடிக்கிறேன் என்கிற உறுதிமொழியை, மனதுக்குள் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். காலையில் அம்மா தந்த இட்லியைக் கோழிகளுக்குப் போட்டேன். அவை ஆளுக்கு ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடின. பெரியத்தா மகளிடம்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லார் முன்னாலும் நோன்பைத் திறந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திட்டம்.

அன்று பள்ளிக்கூடம் இல்லை. பதினோரு மணிக்கு அம்மா என்னைக் கூப்பிட்டாள். "செம்ப எடுத்துக்கிட்டு வா. தண்ணி பாக்கணும்."

இந்த மாதத்தில் அம்மாவின் வாய் மூடியிருக்கிறது, அதனால் ஆற்றுக்கும் உப்புப் பார்க்கப்போவது நான்தான் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் காலை ஒடிக்கிறாளோ இல்லையோ, ஒரு டம்ளர் மோரை வாயில் ஊற்றி நோன்பை முறித்துவிடுவாள். சொல்லவில்லை.

மதகில் லஸ்கர் தயாராக நின்றார். ஆறு நேற்றைவிட ஒரு முழம் ஏறியிருந்தது. கலங்கல். சட்ரஸுக்கு அந்தப் பக்கம் கழியும் தளும்பிக்கொண்டு நின்றது.

"தங்கச்சி வந்து பாத்தாத் தேவலை" என்றார் லஸ்கர். "இன்னிக்கிப் பவுர்ணமி. ஏத்தம் பலமா இருக்கு. மேலேருந்து நல்ல தண்ணியும் வந்திருக்கு, கீழேருந்து உப்பும் கசியுது. எது ஜெயிச்சிருக்குன்னு நாக்குதான் சொல்லணும்."

"எனக்கு நோன்புண்ணே. பாப்பா பாக்கும். கஞ்சிக்கு அதுதான் தெனம் உப்புப் பாக்குது, ஒரு நாள் தப்புனதில்ல." என்னிடம் திரும்பி, "மேலால அள்ளாதே. மேல இனிக்கும், அடியில கரிக்கும். செம்பத் தரை தட்ட எறக்கி மொண்டு பாரு" என்றாள். அப்புறம் வயலில் மடையை வெட்ட வரப்பு வழியே நடந்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, துப்பட்டி காற்றில் பறக்க, நோன்பு வாயோடு அவள் வேகமாகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அது ஒரு பித்தளைச் செம்பு. வயிற்றில் ஒரு நசுங்கல், கழுத்தில் தேங்காய் நார்க் கயிறு. நான் அதைத் தரை தட்ட இறக்கினேன். சொன்னபடியே செய்தேன், ஒன்றைத் தவிர. மேலே இழுத்தபோது செம்பு வியர்த்திருந்தது. என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு உள்ளே போனால் எல்லாம் போச்சு. நோன்புக் கள்ளி, நோன்புக் கள்ளி. லஸ்கர் சாவியைத் திருகில் மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் செம்பைத் தூக்கினேன். இறுக மூடின உதட்டில் அதன் விளிம்பை வைத்துச் சாய்த்தேன். தொண்டையை ஒரு தடவை அசைத்தேன். செம்பை இறக்கிவிட்டு, உதட்டில் ஈரம் துளிகூட இருக்கக்கூடாதென்று பாவாடையால் அழுத்தித் துடைத்தேன்.

"எப்படி இருக்கு பாப்பா?"

"இனிக்குது."

"துப்பலியே. முழுங்கிட்டியா?"

"ஆமா."

அவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. "நல்லாப் பாத்தியாம்மா?"

"இனிக்குது!" என்று கத்தினேன். அவருக்கு இல்லை, வயலில் நின்ற அம்மாவுக்கு. அம்மா அங்கிருந்து கையைத் தூக்கி ஆட்டினாள். லஸ்கர் சாவியைத் திருக ஆரம்பித்தார். திருகு கிரீச்சிட்டது. வாய்க்காலுக்குள் தண்ணீர் உருண்டு ஓடியது.

அப்போதுதான் அந்த வைக்கோல் சரடைப் பார்த்தேன். சட்ரஸின் மூன்றாவது கதவுப் பக்கமிருந்து கிளம்பி, சாவகாசமாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து, அதுவும் மேற்கே. ஆற்றுத் தண்ணீர் என்றால் கிழக்கே அல்லவா போக வேண்டும்? எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். காற்றுதான் தள்ளுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். லஸ்கர் பாதித் திருகில்தான் நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னதைவிட, அந்தச் சரடைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதுதான் என்னை இன்றைக்கும் தின்கிறது.

நான் செம்பை மதகின் மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நாலு மணிக்குத் தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். மத்தியானத் தொழுகைக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன அம்மா, பகலெல்லாம் அங்கேயே இருந்தாள். பத்து மாவும் நிறைந்து, பயிரின் காலில் தண்ணீர் மினுமினுத்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அந்த வருஷத்தில் பார்க்கவில்லை. "பாருடி, வயிறு நெறையக் குடிச்சிடுச்சு" என்றாள். சாயங்காலத்து அஸர் தொழுகைக்கு முன் கை, வாய், முகம் கழுவி ஒளுச் செய்ய வாய்க்காலில் குந்தினாள்.

ஒளுவில் முதலில் கை. அடுத்தது வாய். மூன்று தடவை கொப்பளிக்க வேண்டும். நோன்பாக இருந்தாலும் கொப்பளிக்கத்தான் வேண்டும், விழுங்கக்கூடாது, அவ்வளவுதான். அம்மா ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். அப்படியே நிறுத்திவிட்டாள். துப்பினாள். இன்னொரு கை அள்ளினாள். துப்பினாள். மூன்றாவது கையை அள்ளி, வாயருகே கொண்டுபோகாமலே விரலிடுக்கில் ஒழுகவிட்டாள்.

நாளைக்கு ஐந்து வேளை, பதினாலு நாளாக அவள் நோன்போடு வாயில் தண்ணீர் விட்டுத் துப்பிக்கொண்டுதான் இருந்தாள். கண் கெட்டுப் போய்விட்டது எங்கள் எல்லாருக்கும். ஆற்றுத் தண்ணீரையும் அப்படியே கொப்பளித்துத் துப்பியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உப்புப் பார்ப்பது என்றால் பிள்ளையைக் கூப்பிடுவது. அப்படித்தான் எங்கள் வீடுகளில் பழக்கம்.

அவள் மதகுக்கு ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். "அண்ணே! மூடுங்க! மூடுங்க!" லஸ்கர் பாலத்திலிருந்து குதித்து வந்து சாவியைத் திருகினார். திரும்பி வந்த அம்மா என் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"வாயில வச்சுப் பாத்தியா?"

"பாத்தேம்மா. இனிச்சுது."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். வடிகாலை வெட்டிவிட்டு, இருட்டுகிற வரைக்கும் வயல் தண்ணீரை வெளியே தள்ளினாள். நானும் தட்டால் இறைத்தேன். என் கண்ணில் பூச்சி பறந்தது.

நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு வந்தோம். பெரியத்தா வீட்டுப் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்தோம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் பெரிய திட்டமெல்லாம் எனக்கே மறந்துபோயிருந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளிவாசலில் மோதினார் பாங்கு சொன்னார். தண்ணீரைக் குடித்தேன், இன்னொரு டம்ளர் குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். நிமிர்ந்தபோது அம்மா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? ஓடிப்போய் வயலைப் பார்ப்போம், நேற்றைப் போலவே இருக்கும், மூச்சு வரும். மறுநாள் இலை நுனியில் ஓர் அங்குலம் பழுப்பேறியிருக்கும். மழை பெய்தால் உப்பு கழுவிக்கொண்டு போகும் என்று யாரோ சொல்ல, மாசி வெயிலில் அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பத்தாவது நாள் கதிரைக் கிள்ளி நசுக்கினாள். ஒன்றும் வரவில்லை. முற்றின கதிர் தலை சாய வேண்டும். எங்கள் கதிரெல்லாம் விறைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. அத்தனையும் பதர்.

ஊர் கேட்டது, உப்புத் தண்ணீர் எப்படி வந்தது? "பிள்ள பாத்துச் சொன்னப்ப இனிச்சிருக்கு" என்றாள் அம்மா. "அதோட நாக்கு தப்பாது." அப்படியானால் அதற்குப் பிறகு சட்ரஸ் கதவை யாரோ தூக்கியிருக்க வேண்டும். லஸ்கர் பண்ணைக்காரர்களோடு டீக்கடையில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வயல் கெட்டால் யாருக்கு லாபம் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டே நாளில் அது கதையாகி, கதை உண்மையாகிவிட்டது. பெரியத்தாவும் அதை நம்பினார். நிலத்தை விற்க நினைத்தவரே, தம்பி வயலை அழித்தவனை விடக்கூடாது என்று கொதித்தார். அவர்தான் மனு எழுதினார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். "மேற்படி லஸ்கர் கவனக்குறைவாகவும் உள்நோக்கத்தோடும்" என்று ஒரு வரி. மேற்படி லஸ்கர், மேற்படி லஸ்கர் என்று பக்கம் முழுக்க வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாக்கு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து நாலைந்து நாள் கழித்து லஸ்கர் சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு டிரங்குப் பெட்டி கட்டியிருந்தது. அம்மா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. வாசலில் நான்தான் நின்றேன். அவர் ஹேண்டிலில் மாட்டியிருந்த செம்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். புளி போட்டுத் தேய்த்திருந்தார், பளபளவென்று இருந்தது.

"மதகுலேயே விட்டுட்டுப் போயிட்டே பாப்பா. மாத்திட்டாங்க என்னை. தெக்கே எங்கேயோ." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் கேட்டார். "அன்னிக்கு நோன்ப முழுசாப் புடிச்சிட்டியா?"

செம்பைக் கட்டிக்கொண்டேன். "ம்" என்றேன்.

"நடுவுல முறிக்கலியே?"

"இல்ல."

"நல்லது" என்றார். "சின்ன வயசுல புடிக்கிறது கஷ்டம்." அவ்வளவுதான். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். மனிதர் எவ்வளவு பெரியவர் என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதி.

வயல் போயிற்று. குளமாயிற்று. மூன்று நாலு வருஷம் இறால் வளர்த்தார்கள். பிறகு நோய் வந்து இறால் செத்து மிதக்க, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது போனாலும் அந்த இடம் வெள்ளை பூத்துக் கிடக்கும், புல்கூட முளைப்பதில்லை. அத்தா வந்தார், போனார், கடைசியில் வந்தேவிட்டார், மவுத்தாகி அடங்கியும் போனார். நான் கல்யாணம் ஆகிச் சீர்காழிக்கு வந்தேன். செம்பு எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் பெருநாளைக்குப் பிறகு ஒரு நோன்பு கூடுதலாகப் பிடிக்கிறேன். விட்டுப்போன எந்த நோன்புக்கு ஈடாக இந்தக் களா என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் அம்மா மக்காவுக்கு, உம்ரா செய்யக் கிளம்பினாள். போவதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லாரிடமும், செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். எழுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு வீடு வீடாக ஏறினாள். பால்காரர், தையல்காரி, பெரியத்தா மகள், ஒருவரையும் விடவில்லை. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருத்தர் மட்டும் பாக்கிடி" என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், செம்பு, மூடின உதடு, வைக்கோல் சரடு, எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"தெரியும்" என்றாள். "நோன்பு புடிக்காத பிள்ள, பாங்கு சொல்ற வரைக்கும் டம்ளரக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமா?"

"அப்புறம் ஏம்மா மனுவுல கையெழுத்துப் போட்டே?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "உன்னால வயலு போச்சுன்னு ஊரு பேசியிருக்கும். ஆயுசுக்கும் பேசியிருக்கும். அத்தா ஊர்ல இல்ல, பொம்பளப் பிள்ள. அவருக்கென்ன, ஆம்பள, கவர்மெண்டு வேலை, வேற ஊர்ல பாத்துப்பாருன்னு நெனச்சேன்." கையை உதறினாள். "நெனச்சேன்டி. தப்பாத்தான் நெனச்சேன்."

மறுநாள் ஆட்டோ பிடித்துப் பாசன ஆபீஸுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன் இருந்தான், மரியாதையாக நாற்காலி போட்டான். முப்பது வருஷத்துக்கு முன்னால் இன்ன சட்ரஸில் வேலை பார்த்தவர், இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும் என்றேன்.

"பென்ஷன் லிஸ்ட்ல பாக்கலாம்மா. உசுரோட இருந்தா இருக்கும். பேரு சொல்லுங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறாள், பதினைந்து வருஷம் அவர் கையால் தண்ணீர் வாங்கியிருக்கிறாள்.

"லஸ்கர்" என்றாள் அம்மா.

"அது வேலை பேரும்மா. லிஸ்ட்ல பாதிப் பேர் லஸ்கர்தான். ஆள் பேரு?"

அம்மா துப்பட்டி முனையை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். நானும் யோசித்தேன். ஒரு பெயராவது, ஒரு பாதிப் பெயராவது வரும் என்று பார்த்தேன். பையன் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"மேற்படி லஸ்கர்னு எழுதினோம் தம்பி" என்றாள் அம்மா. "அப்படிப் போட்டுப் பாருங்களேன்."